வண்டல் தெளியும் முன்னே

ஆயர் குரோ, மலாக்கா
11 மே, ஞாயிறு

அன்புள்ள சுலைஹா,

பவானேஸ்வரி எழுதுகிறேன். இங்கே ஹரிதாஸும் தாரணியும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ சுகமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்க வாய் கூசுகிறது. ஏன் என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

உன் பழைய எண்ணுக்கு எத்தனையோ தடவை அழைத்துப் பார்த்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு குரல் மலாயில் சொல்கிறது. வேலையை விட்டுப் போன பிறகு நம் கப்பல் ஆட்கள் யாரோடும் நீ பேசுவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தாவாவ் முகவரியை உன் அண்ணன் யூனுஸிடம் வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. உம்பாயில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நாம் உட்கார்ந்து மீன் சாப்பிடுவோமே, அந்தக் கடையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் இரண்டு வாரமாகத் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. தாரணி இந்த ஆண்டு இடைநிலைப் பள்ளியில் ஒன்றாம் படிவம் போயிருக்கிறாள். சுலைஹா ஆன்ட்டி ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை என்று இரண்டு தடவை கேட்டாள். வேலை அதிகம் என்றேன். அதுவும் பொய்தான்.

இனிமேல் சுற்றி வளைக்கவில்லை. உன் இரண்டாவது கருவிக்குள் தண்ணீர் போனது உன்னால் இல்லை. என்னால்.

உனக்குத் தெரியாத வேலையையா சொல்லப்போகிறேன்? ஆனாலும் அந்த நாளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் பொய் எந்த இடத்தில் நுழைந்தது என்று எனக்கே பிடிபடுகிறது. பொறுத்துக்கொண்டு படி.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி. சுமத்ராவுக்கு மேற்கே, இரண்டாயிரத்து நூறு மீட்டர் ஆழம். கடலடி நிலம் அசைவதைப் பதிவுசெய்ய நீ ஐந்து வருடம் உழைத்து உருவாக்கிய மூன்று கருவிகள். இரண்டு கை இருப்பதால் நாம் ‘கெத்தாம்’, நண்டு, என்று பேர் வைத்திருந்த அந்த நீர்மூழ்கி இயந்திரத்தில் ஒவ்வொரு கருவியாகக் கட்டி இறக்கவேண்டும். தரையில் மட்டமாக உட்காரவைத்து, பதிவுப்பெட்டியின் பிளக்கை அதில் செருகிப் பூட்டவேண்டும். இயக்குவது நான். மேல்தளத்துக் கன்டெய்னருக்குள் திரைக்கு முன்னால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ வெளியே வெயிலில் மூன்றாவது கருவியைத் தயார் செய்துகொண்டிருந்தாய்.

காலையில் முதல் கருவியை ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் வைத்து முடித்தேன். தலைமையகத்திலிருந்து வந்த இரண்டு பேர் எனக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். இவ்வளவு வேகமாக வைக்கிற பைலட்டை இதுவரை பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவதைக் கொண்டு இறங்கும்போது என் கவனம் பாதி அந்த மனிதர் மேல்தான் இருந்தது.

மூன்று மணி இருக்கும். அலை ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடத்தில் இயந்திரத்தை மேலே எடுத்துவிட வேண்டும் என்று கேப்டன் ரேடியோவில் சொன்னார். பிளக்கைச் செருகிக் கைப்பிடியைத் திருப்பினேன். அப்போது கெத்தாமின் அடிச்சட்டம் தரையில் உரசிவிட்டது. வண்டல் கிளம்பித் திரை முழுக்கத் தே தாரிக் தேநீரின் நிறமாகிப் போனது. பிளக்கில் உள்ள சிவப்புக் கோடும் கருவியில் உள்ள சிவப்புக் கோடும் சேர்ந்தால்தான் பூட்டு விழுந்ததாக அர்த்தம். அந்தக் கோடு எனக்குத் தெரியவில்லை.

வண்டல் அடங்க ஏழெட்டு நிமிடம் ஆகும். அதற்காகவே நீ ஒரு தாளில் பெரிய எழுத்தில் ‘கோட்டைக் கண்ணால் பார்க்காமல் நகராதே’ என்று எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாய். என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அந்தத் தாள் இருந்தது. நான் காத்திருக்கவில்லை. மைக்கில், கோடு சேர்ந்துவிட்டது, பூட்டு விழுந்துவிட்டது என்று சொன்னேன். சோதனைச் சிக்னலும் வந்தது. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். இயந்திரத்தை மேலே எடுத்தேன்.

அன்றைக்கு அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சிக்னல் வந்துவிட்டதே, சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையான பொய் அதற்கு ஒரு வருடத்துக்குப் பிறகு வந்தது.

பதினொரு மாதம் கழித்துக் கருவிகளைத் தூக்கிய நாள் உனக்கு மறந்திருக்காது. முதலாவதும் மூன்றாவதும் முழுப் பதிவோடு வந்தன. இரண்டாவதில் ஆறு நாள் பதிவு, பிறகு ஒன்றுமே இல்லை. மேலே இழுக்கும்போது அலையில் அடிபட்டுப் பிளக் கழன்று தொங்கியதால் அது கடலடியில் எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விசாரணை நடத்திய டாக்டர் வசந்தன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கோட்டைக் கண்ணால பார்த்தீங்களா பவானி?”

நீ மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாய். கையில் நீல நிறக் கோப்பு. நான் “பார்த்தேன் டாக்டர்” என்றேன்.

பூட்டு சரியாக விழுந்திருந்தால் தப்பு பிளக்குக்குள்ளே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தில்தான் இருக்கவேண்டும். வளையத்துக்கு கிரீஸ் தடவிப் பொருத்தியது நீ. அறிக்கை அப்படியே எழுதப்பட்டது. ஜூன் மாதம் உன் ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை.

அதைவிட மோசமானது கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. நீ என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, “பவானி, எனக்காக மட்டும் சொல்லு. நெசமா பார்த்தியா?” என்று கேட்டாய். யாரும் பக்கத்தில் இல்லை. அப்போது சொல்லியிருக்கலாம். நான் உன் முகத்தைப் பார்த்தே “பார்த்தேன் லா” என்றேன். நீ சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நீ உன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப என் கைதான்” என்று சொல்லிப் போய் காரில் ஏறினாய். என்னை நம்பினாய், சுலைஹா. உன் கையைவிட என் வார்த்தையை நம்பினாய்.

அதற்குப் பிறகும் நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். போன வருடம் எங்கள் ஜாசின் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். டிராக்டர் ஓட்டியவர் மகள் ஆழ்கடலில் இயந்திரம் ஓட்டுகிறாள் என்று பத்திரிகையில் வந்த படத்தை அங்கே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான் அந்தப் படத்துக்குக் கீழே நின்று, எங்கள் வேலையில் அவசரம் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டுமே சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது உன் அண்ணன். ஏப்ரலில் பங்குனி உத்திர அன்னதானத்துக்கு மளிகைச் சாமான் வாங்க அவர் கடைக்குப் போனேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். பழக்கத்தில் கால் அங்கே போய்விட்டது. என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து தேநீர் வரவழைத்தார். நீ நோன்புப் பெருநாளுக்குக்கூட வரவில்லை என்றார். தாவாவில் இறால் தீவன ஆலையில் தண்ணீர் சோதிக்கிற வேலை என்றும், ஒரு போத்தலை மூடிவிட்டு மூன்று தடவை திறந்து பார்த்து மூடுகிறாயாம் என்றும் சொன்னார். சக வேலைக்காரர்கள் சிரிக்கிறார்களாம்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தங்கச்சி கவனமில்லாம செஞ்சதுல ஒங்க பேரும் கெட்டுப் போயிருக்கும் லா. அவ சார்பா நான் மாப்பு கேட்டுக்கிறேன் பவானி. மனசுல வச்சுக்காதீங்க” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “பரவாயில்லண்ணே” என்றேன். தேநீரைக் குடித்து முடித்தேன். அவர் சாமான் பையில் வைத்த பேரீச்சைப் பெட்டியையும் வாங்கிக்கொண்டேன். உனக்குக் கடிதம் போடவேண்டும் என்று முகவரி கேட்டேன். அவர் கண் கலங்கி, தன் கையாலேயே எழுதித் தந்தார். நீ செய்யாத தப்புக்கு உன் அண்ணன் கேட்ட மன்னிப்பை, அதைச் செய்த நான் பெரிய மனதோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. வீட்டில் யாரையும் தொட விடவில்லை. ஹரிதாஸ் ஏன் என்று கேட்டபோதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வாசலுக்குப் போய், முந்தின நாள் கழுவிய காரை மறுபடி கழுவினார். உள்ளே வந்து, “ஒரு வருஷமா என் பக்கத்துலதானே படுத்திருந்த?” என்று மட்டும் கேட்டார்.

நாளை விசாக விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் ஆபீசுக்குப் போய் டாக்டர் வசந்தனிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் இதை எழுதினேன். என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. உன் கையில் ஒரு தப்பும் இல்லை. அதை மட்டும் நீ நம்பவேண்டும். நான் சொன்ன பொய்யை நம்பியவள், இந்த ஒரு உண்மையையும் நம்பிவிடு.

உனக்கும் உன் வேலைக்கும் நல்லதே நடக்கவேண்டும்.

பவானி


ஆயர் குரோ
2 ஜூன், திங்கள்

அன்புள்ள சுலைஹா,

என் முதல் கடிதம் மே 16-ஆம் தேதி உனக்குக் கிடைத்துவிட்டது. கூரியர் இணையப் பக்கத்தில் நீ கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன். பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் நான் சொன்ன ஒரு விஷயம் சொன்னபடி நடக்கவில்லை. அதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது.

செவ்வாய்க்கிழமை நான் ஆபீசுக்குப் போகவில்லை. புறப்பட்டேன். சிரம்பான் நெடுஞ்சாலை ஓய்விடம்வரை போனேன். அங்கே காரை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பித் திரும்பிவிட்டேன். மறுநாள் வேறொரு சாக்கு. அப்படியே ஒன்பது நாள் ஓடியது. உனக்குச் சொல்லியாகிவிட்டது, அது போதாதா என்று என் மனசே எனக்கு வக்கீலாகப் பேசியது. கூரியரில் உன் கையெழுத்தைப் பார்த்த பிறகும் ஆறு நாள் சும்மா இருந்தேன். நீ இதைப் படித்துவிட்டு, பவானி இந்நேரம் சொல்லியிருப்பாள் என்று காத்திருப்பாயே என்ற எண்ணம்தான் கடைசியில் என்னை எழுப்பியது.

22-ஆம் தேதி போனேன். டாக்டர் வசந்தன் கதவைச் சாத்திவிட்டு அன்றைய வீடியோவைப் போட்டார். திரை கலங்கியது முதல் நான் “பூட்டு விழுந்துவிட்டது” என்று சொன்னதுவரை நாற்பத்தேழு விநாடி. அதற்குள் கோடு மட்டுமல்ல, பிளக்கே தெரியவில்லை. அவர் அதை மூன்று தடவை ஓடவிட்டார். விசாரணையின்போதும் இதே வீடியோவைப் பார்த்தாராம். “நீங்க பார்த்தேன்னு சொன்னதும் இந்தக் கலங்கலை நான் பெருசா எடுத்துக்கல” என்றார். பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் கையெழுத்தைக் காட்டினார். ஏன் இப்போது வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டார். உன் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியவில்லை என்றேன்.

அறிக்கையைத் திருத்தி எழுதுகிறார்கள். உன் பொருத்தும் வேலையில் குறை இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை, பூட்டு விழுந்ததா என்று பார்க்காமலே பைலட் பொய்யாக உறுதி சொன்னார் என்று அதில் வரும். வாசகத்தை எனக்குக் காட்டினார்கள். ‘தவறுதலாக’ என்று போட்டிருந்தார்கள். அதை ‘பொய்யாக’ என்று மாற்றச் சொன்னேன். உனக்கு முறைப்படி கடிதம் வரும். செப்டம்பரில் அதே இடத்தில் உன் வடிவமைப்பில் புதுக் கருவி இறக்கப்போகிறார்கள். உன்னைக் கூப்பிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். போவதும் போகாததும் உன் இஷ்டம். நீ போனால் கன்டெய்னருக்குள் நான் இருக்கமாட்டேன். என்னைப் பைலட் இருக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கரையில் வடம் சுற்றுகிற, சாமான் கழுவுகிற வேலை. முன்பு என்னோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள் இப்போது தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போகிறார்கள். போகட்டும். நீ வேலையில் இருந்த கடைசி மாதம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகமே இல்லை. அந்த மாதம் உன்னை நான் பார்க்கவே இல்லை, பார்க்காமல் இருந்தேன்.

அப்பாவிடமும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் இருக்கிற படத்தை என்ன செய்வது என்றார். கழற்றச் சொல்லி நானே தலைமை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். ஏன் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் எழுதவேண்டும்.

கடைசியாக, போன வெள்ளிக்கிழமை உன் அண்ணன் கடைக்குப் போனேன். ஜும்ஆ தொழுகை முடிந்து அப்போதுதான் கடை திறந்திருந்தார். வழக்கம்போல ஸ்டூலை இழுத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு அம்மா வந்து சீரகம் கேட்டார். உன் அண்ணன் நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, “ம், சொல்லுங்க” என்றார். முடிக்கும்வரை என்னைப் பார்க்கவே இல்லை.

என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் என்னைப் பார்த்து இல்லை, தராசைப் பார்த்துச் சொன்னார்: “நான் அவள ஏசிட்டேனே. அத்தா பேரக் கெடுத்துட்டியேன்னு போன்ல சொன்னேன். ‘நான் சரியாத்தான் போட்டேன் அண்ணே, எனக்கே புரியல’ன்னு அழுதா. சாக்கு சொல்லாதன்னு வச்சிட்டேன். அதுக்கப்புறந்தான் அவ ஊருக்கு வர்றதில்ல.”

இது எனக்குத் தெரியாது, சுலைஹா. என் பொய் கிள்ளான் ஆபீசோடு நின்றுவிட்டதாக நினைத்திருந்தேன். அது உன் வீட்டுக்குள்ளும் போயிருக்கிறது. திருத்திய அறிக்கை அந்த வீட்டில் எதையும் சரிசெய்யாது.

நான் கிளம்பும்போது, “இனிமே நீங்க இந்தக் கடைக்கு வராதீங்கம்மா” என்றார். சரி என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்திருப்பேன். பின்னாலேயே வந்து கூப்பிட்டார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. நான் வெளியே வந்ததுமே உன் புது எண்ணுக்கு இரண்டு தடவை போன் போட்டாராம், நீ எடுக்கவில்லையாம். நான் உன்னிடம் என்ன எழுதினேன், அவரைப் பற்றி ஏதாவது எழுதினேனா என்று பயந்து பயந்து கேட்டார். அவர் உன் சார்பாக மன்னிப்புக் கேட்டதை எழுதியிருந்தேன் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டு அந்த நடைபாதையிலேயே, வெயிலில், நின்றுவிட்டார்.

இப்போது விளங்குகிறது. நான் என் பாரத்தை இறக்கிவைப்பதற்காக எழுதிய வரியில், உன் அண்ணன் உன்னை நம்பவில்லை என்பதையும் சேர்த்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். அதையும் யோசிக்காமல் செய்தேன்.

அவர் உன்னை நம்பாமல் போனது அவர் தப்பு மட்டும் இல்லை. படித்த பெண், உன்னோடு பத்து வருடம் பழகியவள், விசாரணையில் சாட்சி சொன்னவள், நானே பார்த்தேன் என்று சொன்னேன். நீயே உன் கையை நம்பவில்லையே. கடலைப் பார்த்தே இராத மளிகைக்கடைக்காரர் எப்படி நம்புவார்? இதை அவருக்காகப் பரிந்து சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு அந்த உரிமையும் கிடையாது. உண்மை அப்படி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். அன்றைக்குக் காலையில் தொழுதுவிட்டு வந்ததும் உனக்கு மறுபடி போன் போடுவேன் என்றார். என்ன சொல்லவேண்டும் என்று, நான் நிற்கும்போதே ஒரு பழைய பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்; நான் படிக்கவில்லை.

எனக்கு நீ எழுதவேண்டாம். என் எண்ணைப் பார்த்தால் எடுக்கவும் வேண்டாம். சனிக்கிழமை அந்த போனை மட்டும் எடுத்துவிடு, சுலைஹா. அவர் பேச்சை ஆரம்பிக்கத் தடுமாறினாலும் வைத்துவிடாதே. கொஞ்சம் பொறுத்திரு.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

பவானேஸ்வரி